உயிரிழந்த இளம் பல்லில் திசுவை வளர்த்தல்: பி.ஆர்.எஃப்., ஸ்டெம் செல் சிகிச்சையில் புதியவர்களுக்கான வழிகாட்டி

மேல் தாடையின் நடு முன்பற்கள் 7 அல்லது 8 வயதில் முளைக்கின்றன. அவற்றின் வேர் நீண்டு, சுவர் தடித்து, நுனி மூடிக்கொள்வதற்கு ஏறத்தாழ 10 வயதாகிவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் குழந்தைகள் சைக்கிளிலிருந்து விழுகிறார்கள், பள்ளிப் படிக்கட்டில் தடுக்கி விழுகிறார்கள், கிரிக்கெட் பந்தை வாயில் வாங்கிக்கொள்கிறார்கள். அடிபட்ட பல்லின் கூழ் (பல்லுக்குள் இருக்கும், நரம்பும் குருதிக் குழாயும் கொண்ட மென்திசு) இறந்துவிட்டால் வேரின் வளர்ச்சியும் அதே நாளில் நின்றுவிடுகிறது. மெல்லிய சுவரும் அகன்று திறந்த நுனியும் கொண்ட அந்த வேரில் வழக்கமான ரூட் கெனால் சிகிச்சையைச் செய்ய முடியாது. உள்ளே அடைக்கும் பொருள் நுனி வழியாக வெளியே போய்விடும்.

இதற்கு நெடுங்காலமாக இருந்த வழி, கால்சியம் ஹைட்ராக்சைடை மாதக்கணக்கில் உள்ளே வைத்து, நுனியில் ஒரு கடினத் தடுப்பு உருவாகும்வரை காத்திருப்பதாகும். நீண்ட நாள் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்த வேர்கள் எளிதில் முறிகின்றன என்பதை ஆண்ட்ரியாசனும் அவருடைய குழுவினரும் 2002-இல் எடுத்துக்காட்டினார்கள். அதன்பின் எம்.டி.ஏ. என்னும் கால்சியம் சிலிக்கேட் சிமென்ட் கொண்டு நுனியை ஓரிரு அமர்வுகளிலேயே அடைக்கும் முறை பரவியது. அது நல்ல முறைதான் என்றாலும், அடைத்த பிறகும் வேரின் சுவர் மெல்லியதாகவே இருக்கும். சுவரைத் தடிக்கச் செய்ய வேண்டுமானால் உள்ளே உயிருள்ள திசு வேண்டும். அதை உள்ளே வரவழைப்பதற்கான வழிகாட்டியே இக்கட்டுரை. பயிற்சி மருத்துவர்களையும் முதுநிலைப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் இந்தச் சிகிச்சையை இனிமேல்தான் தொடங்கப்போகும் பொதுப் பல் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்; குழந்தைக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கப்பட்ட பெற்றோரும் படித்துப் புரிந்துகொள்ள முடியும்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களின் கண் முதலில் போவது குருதியைச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜின் மீதும், அதிலிருந்து கிடைக்கும் பி.ஆர்.எஃப். என்னும் மஞ்சள் நிற ஃபைப்ரின் (குருதி உறையும்போது உருவாகும் புரத நார்) கட்டியின் மீதும்தான். ஆனால் இந்தச் சிகிச்சை வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது வேருக்குள் இருக்கும் கிருமிகளை அழித்தும் நுனியில் காத்திருக்கும் செல்களை அழிக்காமலும் விடும் அந்த நுட்பத்தில் முடிவாகிவிடுகிறது. கழுவும் மருந்தின் அடர்த்தியைப் பற்றிக் கீழே இவ்வளவு விரிவாக எழுதியிருப்பதற்குக் காரணம் இதுவே.

செல் எங்கிருந்து வருகிறது, குருதி என்ன செய்கிறது

திசு உருவாவதற்குச் செல், அதற்குக் கட்டளையிடும் வளர்ச்சிக் காரணி, அது பற்றி ஏறிவரச் சாரம் ஆகிய மூன்றும் தேவை. பல்லைச் சுற்றி ஸ்டெம் செல்களுக்கு, அதாவது பெருகி வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களுக்கு, பஞ்சமில்லை. நிரந்தரப் பல்லின் கூழில் அவை இருப்பதை 2000-ஆம் ஆண்டில் கிரோன்தோஸ் குழுவினர் கண்டறிந்தார்கள். விழும் பால்பல்லில் 2003-இலும், பல்லை எலும்போடு பிணைக்கும் நாரிழைகளில் 2004-இலும், வளரும் வேரின் நுனியில் ஒட்டியிருக்கும் மென்திசுவில் 2006-இலும் தனித்தனி வகைகள் விவரிக்கப்பட்டன. நமக்கு இங்கே முக்கியமானது கடைசியாகச் சொன்ன நுனித் திசு. கூழ் முழுவதும் இறந்து, நுனியில் சீழ் கட்டியிருக்கும் பல்லில்கூட அந்தத் திசு பல நேரங்களில் பிழைத்திருக்கிறது. எலும்பின் குருதியோட்டம் அதற்கு நேரடியாகக் கிடைப்பதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

வேருக்குள் குருதியை வரவழைத்தால் என்ன ஆகும் என்று நார்வேயைச் சேர்ந்த நைகார்ட்-ஓஸ்ட்பி 1961-லேயே சோதித்துப் பார்த்தார். 2001-இல் ஜப்பானில் இவாயா குழுவினர் ஒரு கீழ் முன்கடைவாய்ப் பல்லிலும், 2004-இல் பாங்க்ஸ், ட்ரோப் ஆகிய இருவர் மற்றொரு பல்லிலும், கூழ் இறந்த பிறகும் வேர் வளர்ந்ததைப் படத்துடன் பதிவு செய்தார்கள். அந்தக் குருதியில் உண்மையிலேயே ஸ்டெம் செல்கள் வருகின்றனவா என்ற கேள்விக்கு 2011-இல் லவ்லேஸ் குழுவினர் விடை தந்தார்கள்: நுனியைக் கீறி வரவழைத்த குருதியில், ஸ்டெம் செல்களுக்குரிய அடையாளக் குறிகள் உடலில் ஓடும் குருதியில் இருப்பதைவிட 600 மடங்கு வரை அதிகமாக இருந்தன.

ஆகவே கையிலிருந்து எடுக்கும் குருதியும் வேர்நுனியிலிருந்து வரும் குருதியும் ஒன்றல்ல. கையிலிருந்து எடுத்த குருதியைச் சுழற்றிப் பெறும் பி.ஆர்.எஃப். என்னும் ஃபைப்ரின் கட்டியில் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் நிறைந்திருக்கும். தட்டணுக்களின் உள்ளே இருக்கும் நுண்துகள்களிலிருந்து பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா, வி.ஈ.ஜி.எஃப். போன்ற காரணிகள் வெளிவந்து, செல்களை இழுக்கவும் பெருக்கவும் புதிய குருதிக் குழாய்களை முளைக்கச் செய்யவும் உதவுகின்றன. கட்டியின் ஃபைப்ரின் வலை சாரமாக நிற்கிறது. இப்படிக் கட்டளையையும் சாரத்தையும் பி.ஆர்.எஃப். தருகிறது, பல்லுக்கான செல்லை அது தருவதில்லை. 'உங்கள் குழந்தையின் இரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் எடுத்துப் பல்லில் வைக்கிறோம்' என்று பெற்றோரிடம் சொல்வது தவறு.

குருதியிலிருந்து பெறும் பொருள்களில் பி.ஆர்.எஃப்.-க்கு முன்னோடி, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவான பி.ஆர்.பி.; தாடை எலும்பு அறுவைக்காக 1998-இல் ராபர்ட் மார்க்ஸ் அதைப் பரவலாக்கினார். அதற்குக் குருதி உறையாமல் தடுக்கும் மருந்தைக் கலந்து சுழற்றி, பின்னர் திராம்பினோ கால்சியமோ சேர்த்து உறையவைக்க வேண்டும். 2001-இல் பிரான்சில் ஷுக்ரூன் உருவாக்கிய பி.ஆர்.எஃப்.-இல் எதையும் கலப்பதில்லை. புதியவர்கள் பி.ஆர்.எஃப்.-இல் தொடங்குவதே நல்லது. படிகள் குறைவு, செலவு குறைவு, பிழைக்கான வாய்ப்பும் குறைவு.

ஆய்வகத்தில் வளர்த்த செல்லைப் பற்றி

வெளியே எடுத்து, பெருக்கி, மீண்டும் பல்லுக்குள் வைக்கும் முறையும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஜப்பானில் நகாஷிமா குழுவினர், நோயாளியின் சொந்தப் பற்கூழிலிருந்து பிரித்தெடுத்த செல்களை அவருடைய மற்றொரு பல்லில் வைத்த முன்னோட்ட ஆய்வை 2017-இல் வெளியிட்டார்கள். அதில் 5 நோயாளிகள் இருந்தார்கள். சீனாவின் ஷியான் நகரில், அடிபட்ட முன்பல் கொண்ட 40 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களுள் 30 பேருக்கு அவரவர் பால்பல் கூழின் செல்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. குருதிக் குழாய்களும் உணர்வும் திரும்பியதாக அந்த அறிக்கை சொல்கிறது. இவை நம்பிக்கையூட்டும் முடிவுகள்தான். எனினும் செல்லை வளர்க்க மாசற்ற ஆய்வகமும் அதற்கான தர உரிமமும் பல வாரக் காத்திருப்பும் தேவைப்படுவதால் இது இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது.

இந்தியாவில் சட்ட நிலையும் தெரிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, குருதி நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றம் போன்ற ஏற்கப்பட்ட பயன்பாடுகளைத் தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே பயன்படுத்தலாம். தொப்புள்கொடிக் குருதியைச் சேமிப்பதைத் தவிர, பற்கூழ் உள்ளிட்ட பிற திசுக்களை வணிக நோக்கில் சேமிப்பதற்கும் அந்நெறிகள் இடம் தரவில்லை. விழும் பால்பல்லைப் பணம் கட்டிச் சேமிக்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். இங்கே நாம் செய்யப்போகும் முறையில் செல்கள் உடலை விட்டு வெளியே வருவதே இல்லை.

எந்தப் பல்லுக்குச் செய்வது

முதற்கேள்வி, கூழ் உண்மையிலேயே இறந்துவிட்டதா என்பது. அடிபட்ட இளம் பல் குளிர்ச் சோதனைக்கும் மின் சோதனைக்கும் மூன்று மாதம் வரை பதில் தராமல் இருந்து பின்னர் மீளலாம். அதோடு வேர் முடியாத பல்லில் நரம்பு வலை முழுமை பெற்றிருக்காது என்பதால் ஆரோக்கியமான பல்லும் இச்சோதனைகளில் மௌனமாக இருக்கக்கூடும். எனவே சோதனை எதிர்மறை என்பதற்காக மட்டும் பல்லைத் திறக்காதீர்கள். ஈறில் சீழ்த்துளை, தட்டினால் வலி, நிறமாற்றம், நுனியைச் சுற்றி எக்ஸ்ரேயில் கருமை, பக்கத்துப் பல்லின் வேர் வளர்ந்திருக்க இது மட்டும் நின்றுபோயிருத்தல் என்னும் அடையாளங்களுள் குறைந்தது இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும்.

உடைந்த பல்லில் கூழ் திறந்து, ஆனால் உயிரோடு இருந்தால் இந்தச் சிகிச்சை வேண்டாம். மேற்புறத்தில் 1 முதல் 2 மி.மீ. கூழை மட்டும் நீக்கி மூடும் பகுதிக் கூழ் நீக்கமே போதுமானது. ஸ்வீடனின் செவெக் 1978-இல் வெளியிட்ட தொடரில் 60 பற்களில் 58 குணமாயின. இருக்கிற கூழைக் காப்பாற்றுவதற்கு இணையாக எந்தப் பி.ஆர்.எஃப்.-ஐயும் நான் சொல்லமாட்டேன்.

கூழ் இறந்திருந்து, நுனித் திறப்பு ஏறத்தாழ 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து, சுவர் மெல்லியதாக இருந்தால் பல் தகுதியுடையது. பல்லின் தலைப்பகுதி பெரும்பாலும் உடைந்து, அதைக் கட்ட வேருக்குள் கம்பி இறக்க வேண்டிய நிலை இருந்தால் தவிர்க்க வேண்டும். திசு வளர வேண்டிய இடத்தைக் கம்பி பிடித்துக்கொள்ளும். மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களையும், மீண்டும் மீண்டும் வர இயலாத குடும்பங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் குடும்பம் 2 ஆண்டுத் தொடர் கவனிப்புக்கு வர முடியாது என்றால் எம்.டி.ஏ. அடைப்பே நேர்மையான பரிந்துரை.

ஒப்புதல் வாங்கும்போது நான்கு செய்திகளைக் கட்டாயம் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு முறை வரவேண்டும். பல் நிறம் மாறக்கூடும். வலியும் சீழும் தீர்ந்தாலும் வேர் வளராமலே இருந்துவிடலாம். தோற்றால் எம்.டி.ஏ. அடைப்புக்கு மாறலாம்.

முதல் அமர்வு: கிருமியைக் கொல், செல்லைக் கொல்லாதே

மரத்துப்போக ஊசி போட்டு, பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் ரப்பர் டேம் கட்டி, பல்லைத் திறந்து, வேரின் நீளத்தை எக்ஸ்ரே மூலம் உறுதிசெய்யுங்கள். ரூட் கெனால் பழக்கத்தில் கை தானாக ஃபைலை (வேருக்குள் நுழையும் மெல்லிய சுரண்டும் கருவி) எடுத்துச் சுவரைச் சுரண்டப் பார்க்கும்; இங்கே சுரண்டக் கூடாது. சுவர் ஏற்கெனவே மெல்லியது, சுரண்டிய தூள் நுண்குழல்களை அடைக்கும். சுத்தம் முழுவதும் மருந்து நீரால்தான் நடக்க வேண்டும்.

அமெரிக்க வேர்க்குழாய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் ஐரோப்பியச் சங்கம் 2016-இல் வெளியிட்ட நிலைப்பாடும், 1.5% முதல் 3% வரையிலான சோடியம் ஹைப்போகுளோரைட்டை ஒரு வேருக்கு 20 மி.லி. வீதம் 5 நிமிடம் மெதுவாகச் செலுத்தச் சொல்கின்றன. வழக்கமாக நாம் 5% கரைசலையே கையில் வைத்திருப்போம். அதை அப்படியே பயன்படுத்தினால் நுனியிலுள்ள செல்கள் இறப்பதோடு, வேர்ச்சுவரின் கடினத் திசுவான டென்டினின் மேற்பரப்பும் செல் ஒட்ட முடியாததாகிவிடுகிறது. ஆகவே பாட்டிலில் எழுதியிருக்கும் அடர்த்தியைப் பார்த்து, கிருமியற்ற நீரால் சரியாக நீர்த்துக்கொள்ளுங்கள்: 5% கரைசலின் 3 பங்குக்கு 7 பங்கு நீர் சேர்த்தால் 1.5% கிடைக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அன்றே கலக்க வேண்டும்.

நுனி திறந்திருப்பதால் மருந்து எலும்புக்குள் பாய்ந்துவிடும் ஆபத்து இங்கே அதிகம். முனை மூடி, பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை நுனிக்கு 1 மி.மீ. முன்பே நிறுத்தி, ஊசி வேரில் இறுகாமல் அசைய இடமிருக்கிறதா என்று பார்த்து, பிஸ்டனைப் பெருவிரலால் அழுத்தாமல் சுட்டுவிரலால் தள்ளுங்கள். சுட்டுவிரல் கொடுக்கும் அழுத்தம் இயல்பாகவே குறைவு. அதன்பின் உப்புநீராலோ, கால்சியத்தைப் பிணைத்து நீக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசலாலோ கழுவி, பேப்பர் பாயிண்டால் உலர்த்த வேண்டும்.

உள்ளே வைக்கும் மருந்துக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு பாதுகாப்பான தேர்வு. ஜப்பானின் ஹோஷினோ குழுவினர் ஆய்ந்து பரப்பிய மூன்று ஆன்டிபயாட்டிக் கலவையில் சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின் ஆகியவை உள்ளன. மாத்திரையைப் பொடித்துக் களிம்பாகக் குழைத்தால் அதன் அடர்த்தி ஒரு மி.லி.-க்கு 1000 மி.கி. அளவை எட்டும், அந்த அளவில் நுனிச் செல்கள் பிழைப்பதில்லை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஒரு மி.லி.-க்கு 1 முதல் 5 மி.கி. வரை என்பதே இப்போதைய பரிந்துரை. அந்த அடர்த்தியில் கலவை களிம்பாக இராது, நீர்த்த குழம்பாகவே இருக்கும், அதைச் சிரிஞ்சால் செலுத்த வேண்டும். மினோசைக்ளின் பல்லைச் சாம்பல் நிறமாக்கும் என்பதால் முன்பல்லில் அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மட்டும் கலப்பவர்கள் பலர். எதை வைத்தாலும் ஈறு மட்டத்துக்குக் கீழேயே நிறுத்தி, மேலே 3 முதல் 4 மி.மீ. தடிமனுக்குத் தற்காலிக அடைப்பு வைத்து, 1 முதல் 4 வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

இரண்டாம் அமர்வு

வந்தவுடன் சீழ்த்துளை மூடியிருக்கிறதா, தட்டினால் வலிக்கிறதா என்று பாருங்கள். அடையாளம் எஞ்சியிருந்தால் முதல் அமர்வையே திரும்பச் செய்ய வேண்டும். பி.ஆர்.எஃப்.-இன் வெள்ளணுக்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில் சீழுள்ள வேருக்குள் கட்டியைத் திணிக்கக் கூடாது. ஃபைப்ரின் வலை செல்லுக்கு எவ்வளவு வசதியோ கிருமிக்கும் அவ்வளவு வசதி.

மரத்துப்போகச் செய்ய, அட்ரினலின் கலக்காத 3% மெபிவகைன் பரிந்துரைக்கப்படுகிறது. அது கிடைக்காவிட்டால் அட்ரினலின் கலக்காத லிக்னோகைனைப் பயன்படுத்தலாம். அட்ரினலின் குருதிக் குழாய்களைச் சுருக்கிவிட்டால் நுனியிலிருந்து குருதி வராது. ரப்பர் டேம் கட்டியபின், உள்ளிருக்கும் மருந்தை 17% ஈ.டி.டி.ஏ. 20 மி.லி. கொண்டு கழுவுங்கள். இந்த அமர்வில் ஹைப்போகுளோரைட் வேண்டாம். ஈ.டி.டி.ஏ. மருந்தை வெளியேற்றுவதோடு நிற்பதில்லை. டென்டின் உருவானபோது அதற்குள் சிறைப்பட்ட டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளை அது விடுவிக்கிறது. குருதியைச் சுழற்றிப் பெறும் காரணிகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். பல்லின் சுவருக்குள்ளேயே இருக்கும் இந்தச் சேமிப்பு 5 நிமிடக் கழுவலில் கிடைக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசியாக 5 மி.லி. உப்புநீர் விட்டு, பேப்பர் பாயிண்டால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

பி.ஆர்.எஃப். தேவைப்படும் என்று நினைத்தால் குருதி எடுப்பதற்கான ஆயத்தத்தை இப்போதே முடித்துவிட வேண்டும். குழந்தைக்கு முழங்கை மடிப்பில் மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவியிருந்தால் அழுகை பாதியாகக் குறையும். குருதியை எடுப்பதைப் பழகிய செவிலியரிடமோ ஆய்வக நுட்பரிடமோ விட்டுவிடுங்கள். ஒரு முன்பல்லுக்கு 10 மி.லி. குழாய் ஒன்றே போதும். அந்தக் குழாயில் உறைவதைத் தடுக்கும் மருந்தும் இருக்கக் கூடாது, சீரம் பிரிக்கும் ஜெல்லும் இருக்கக் கூடாது. எதுவும் பூசாத கண்ணாடிக் குழாயே ஏற்றது. கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தொடங்கிவைக்கும். சிலிக்கா பூசிய பிளாஸ்டிக் குழாயிலும் கட்டி உருவாகும் என்றாலும், சிலிக்காத் துகள் கட்டியோடு கலந்துவிடுமோ என்ற கவலை ஆய்வாளர்களிடையே உண்டு.

ஊசி வெளியே வந்த கணத்திலிருந்து நேரம் ஓடத் தொடங்குகிறது. உறைதல் குழாய்க்குள் உடனே ஆரம்பித்துவிடுவதால், ஓரிரு நிமிடத்துக்குள் குழாய் சுழலத் தொடங்கியிருக்க வேண்டும். தாமதித்தால் கட்டிக்குப் பதிலாகச் சிதறிய நூல்களே கிடைக்கும். சென்ட்ரிஃபியூஜ் பக்கத்து அறையில் இருந்தால் அதைச் சிகிச்சை நாற்காலிக்கு அருகே கொண்டுவாருங்கள். எதிர்ப்புறத்தில் அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பிய குழாயை முன்கூட்டியே வைத்திருங்கள்.

எத்தனை சுற்று என்ற கேள்வி எல்லாரும் கேட்பது. ஷுக்ரூன் முறையில் நிமிடத்துக்கு 2700 சுற்று, 12 நிமிடம் என்றும், அதன் விசை ஏறத்தாழ 400 ஜி (புவியீர்ப்பின் 400 மடங்கு) என்றும் நூல்களில் காணலாம். ஆனால் சுற்றின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் சுழலும் ஆரம் மாறினால் விசை மாறிவிடும். ஆரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதைச் சுற்றின் வர்க்கத்தாலும் 0.00001118 என்ற எண்ணாலும் பெருக்கினால் விசை கிடைக்கும். உங்கள் இயந்திரத்தின் ஆரம் 8 செ.மீ. என்றால் 2700 சுற்றில் விசை ஏறத்தாழ 650 ஜி ஆகிவிடும். 400 ஜி வேண்டுமானால் அதில் 2100 சுற்றுதான் வைக்க வேண்டும். ஆரம் 11 செ.மீ. என்றால் 1800 சுற்றே போதும். விசை கூடினால் செல்கள் அடியில் போய்ச் சிவப்பணுக்களோடு சேர்ந்துவிடும், கட்டியில் தட்டணுக்கள் குறையும். சுற்றை அப்படியே நகலெடுத்து, 'பி.ஆர்.எஃப். பலனளிக்கவில்லை' என்று முடிவு கட்டுகிறவர்கள் தங்கள் இயந்திரத்தின் ஆரத்தை ஒரு முறை அளவுகோல் வைத்துப் பார்ப்பது நல்லது.

சுழன்று நின்ற குழாயில் அடியில் சிவப்பணுக்கள், மேலே வெளிர்மஞ்சள் நீர், இரண்டுக்கும் நடுவே இளநீர் வழுக்கையைப் போல மென்மையாகத் துவளும் கட்டி என மூன்று அடுக்குகள் தெரியும். கட்டியை இடுக்கியால் மெதுவாகத் தூக்கினால் அதன் அடியில் சிவப்புப் பகுதி ஒட்டிக்கொண்டு வரும். அதை முழுவதுமாகத் துடைத்து எறிந்துவிட வேண்டாம். தட்டணுக்களும் வெள்ளணுக்களும் மஞ்சளும் சிவப்பும் சந்திக்கும் எல்லையில்தான் நெருக்கமாகத் தங்கியிருக்கின்றன; ஆகவே எல்லைக்குக் கீழே ஓரிரு மி.மீ. சிவப்பை விட்டுவைத்துக் கத்தரியுங்கள். கட்டியைத் துளையிட்ட தட்டின்மேல் வைத்து எடையுள்ள மூடியால் மெதுவாக அழுத்தினால் அது மெல்லிய படலமாகும். கடினமாகப் பிழிந்தால் வளர்ச்சிக் காரணிகள் நீரோடு போய்விடும். அந்த நீரைக் கொட்டாமல், படலத்தை உலராமல் வைத்திருக்கப் பயன்படுத்தலாம். பயன்படுத்திய கண்ணாடிக் குழாய் நீலக் குறியிட்ட பெட்டிக்கும், ஊசி வெள்ளைப் பெட்டிக்கும், குருதி நனைந்த பஞ்சு மஞ்சள் பைக்கும் போக வேண்டும் என்பதை உதவியாளருக்கு நினைவூட்டுங்கள்.

இதே படலம் ஈறுநோயால் பல்லைச் சுற்றி எலும்பு கரைந்த குழிகளிலும் பயன்படுகிறது. பெங்களூரு அரசு பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், குழியைச் சுத்தம் மட்டும் செய்த இடங்களைவிடப் பி.ஆர்.எஃப். வைத்த இடங்களில் எலும்பு அதிகம் நிரம்பியிருந்தது. அங்கே அறுவை முறை வேறு என்பதால் இங்கே விரிக்கவில்லை.

குருதியை வரவழைத்து மூடுதல்

பி.ஆர்.எஃப். தயாராக இருந்தாலும் நுனியைக் கீற வேண்டும். செல் அங்கிருந்துதான் வரவேண்டும். முனை வளைத்த ஃபைலை நுனிக்கு 2 மி.மீ. அப்பால் செலுத்திச் சுழற்றினால் குருதி ஊறி மேலே ஏறும். அது ஈறு மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்வரை காத்திருந்து, உப்புநீரில் நனைத்த பஞ்சை வாயிலில் வைத்து 15 நிமிடம் உறைய விடுங்கள். இந்த 15 நிமிடத்தைக் குறைக்காதீர்கள். உறையாத குருதியின் மேல் வைத்த சிமென்ட் வேருக்குள் அமிழ்ந்துவிடும், பின்னர் அதை எடுக்க வழியில்லை.

குருதி தாராளமாக வந்தால் பி.ஆர்.எஃப். இல்லாமலே முடித்துவிடலாம். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலி, சீழ், நுனிக் கருமை ஆகியவை குணமாவதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. குருதி வராமல் அடம்பிடிக்கும் பற்களிலும், வந்தது பாதியளவே நிற்கும் பற்களிலும்தான் பி.ஆர்.எஃப். தன் விலைக்குத் தகுந்த வேலையைச் செய்கிறது. அப்போது படலத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றாக மழுங்கிய கருவியால் நுனிவரை இறக்கி, ஈறு மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் வழக்கமாகக் கையில் ஊசி குத்துவதை நான் ஏற்பதில்லை. எனினும் நாற்காலியில் குழந்தை இருக்கும்போது குருதி வரவில்லை என்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேராதபடி, ஆயத்தமாக இருப்பது அவசியம்.

உறைந்த கட்டியின் மேல் கொலாஜன் துண்டு ஒன்றை வைத்தால் சிமென்ட்டுக்குத் தளம் கிடைக்கும், பி.ஆர்.எஃப். படலமே அந்த வேலையையும் செய்யக்கூடியது. அதன்மேல் கால்சியம் சிலிக்கேட் சிமென்ட்டை ஏறத்தாழ 3 மி.மீ. தடிமனுக்கு வையுங்கள். எம்.டி.ஏ.-வில் எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்க்கப்படும் பிஸ்மத் ஆக்சைடு, குருதியோடும் ஹைப்போகுளோரைட்டோடும் சேர்ந்து பல்லைக் கருக்கச் செய்கிறது. ஆகவே முன்பல்லுக்குப் பயோடென்டின் போன்று பிஸ்மத் இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள். அதன்மேல் கிளாஸ் அயனோமரும், அதற்கும் மேலே காம்போசிட்டும் வைத்து நீர் கசியாமல் மூட வேண்டும். மேல் அடைப்பு கசிந்தால் மீண்டும் கிருமி வரும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

பின்தொடர்தல்

6, 12, 18, 24 மாதங்களிலும், அதற்குப் பின் ஆண்டுக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயை ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் எடுக்கத் தாங்கியைப் பயன்படுத்துங்கள். கோணம் மாறினால் வளராத வேரும் வளர்ந்ததுபோல் தெரியும். நுனிக் கருமை 6 முதல் 12 மாதத்தில் மறைய வேண்டும். சுவர் தடிப்பது 12 முதல் 24 மாதத்தில் தெரியும், நீளம் கூடுவது அதற்குப் பின்பே. குளிர்ச் சோதனைக்குப் பதில் வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் தோல்வி என்று பொருளில்லை.

உள்ளே வளர்வது என்ன என்பதையும் தெரிந்துகொண்டுதான் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டும். நாய்களின் பற்களிலும், பின்னர் வேறு காரணத்தால் பிடுங்க நேர்ந்த மனிதப் பற்களிலும் நுண்ணோக்கியில் பெரும்பாலும் காணப்பட்டது, வேரின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் சிமென்டம் போன்ற கடினத் திசுவும் எலும்பு போன்ற திட்டுகளும் நார்த்திசுவும்தான். டென்டினை உருவாக்கும் செல்கள் வரிசையாக நிற்கும் உண்மையான கூழ் அரிதாகவே கிடைத்தது. எனவே சில பற்களில் வேரின் உள்ளிடம் நாளடைவில் கடினத் திசுவால் முழுவதும் அடைபட்டுப்போவதைக் காண்பீர்கள். நோயாளிக்குத் தொல்லை இல்லாதவரை அதைத் தொட வேண்டாம்.

12 மாதம் ஆன பிறகும் நுனிக் கருமை குறையவில்லை, அல்லது இடையில் சீழ்த்துளை திரும்பி வந்தது என்றால், சிமென்ட்டைத் துளைத்து எடுத்து, மீண்டும் கிருமி நீக்கி, இன்னொரு முறை முயலலாம், அல்லது எம்.டி.ஏ. அடைப்புக்கு மாறலாம். சுவர் ஓரளவேனும் தடித்திருந்தால் எம்.டி.ஏ.-வையும், சுவர் இன்னும் காகிதம்போல் இருந்து குடும்பம் தொடர்ந்து வர ஒத்துழைத்தால் மறு முயற்சியையும் நான் பரிந்துரைப்பேன். மறு முயற்சிக்கு முன் மேல் அடைப்பில் கசிவு இருந்ததா என்பதைச் சாயம் விட்டுப் பார்த்துக் குறித்துவையுங்கள். கசிவு இருந்திருந்தால் மருந்தையோ பி.ஆர்.எஃப்.-ஐயோ மாற்ற வேண்டியதில்லை, அடைப்பைத்தான் சரிசெய்ய வேண்டும்.